தெருக்கலைஞரின் வீடும் கூலியும்

(கலை இலக்கிய ஊழியர்களுக்கான பயிலரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மேற்குத் தில்லியில் ஷாதிப்பூர் பேருந்துப் பணிமனைக்கு அருகே இருந்த ஒரு குடியிருப்பைப் பற்றியது இன்றைய பேச்சு. அதன் பெயர் கட்புத்லி காலனி. கட்புத்லி என்ற இந்திச் சொல்லுக்கு மரப்பாவை என்பது பொருள். ராஜஸ்தானின் நாகௌர் வட்டாரத்தைப் பூர்விகமாகக் கொண்ட பாட் சமூகத்துப் பாவைக்கூத்துக் கலைஞர்கள், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பிழைப்புத் தேடித் தலைநகருக்கு வந்து கூடாரமடித்த இடம் அது. அவர்களைத் தொடர்ந்து கழைக்கூத்தாடும் நட் சமூகத்தினர், மாயவித்தை காட்டுவோர், பல்வேடமிடும் பகுரூபியர், குரங்கும் பாம்பும் வைத்து வித்தை காட்டுவோர், டோலக் செய்வோர் எனப் பலரும் வந்து சேர்ந்தனர். உத்தரப்பிரதேசம், பீகார், மகாராஷ்டிரம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களும் அங்கே இருந்தன. கலைத்தொழிலோடு தொடர்பில்லாத கூலித் தொழிலாளர்களும் வாழ்ந்தனர். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே சந்தில் குடியிருந்தனர். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இந்தியத் தெருக்கலைகளின் மிகப் பெரிய குடியிருப்பாக அது விளங்கியது.

2017 அக்டோபர் 30 அன்று காலையில் புல்டோசர்கள் அங்கே நுழைந்தன. காவல்துறை தடியடி நடத்தியது; கண்ணீர்ப்புகைக் குண்டுகள் வீசப்பட்டன. மக்களோடு நின்ற இந்திய மாதர் தேசிய சம்மேளனத்தின் அன்றைய பொதுச்செயலாளர் தோழர் ஆனி ராஜா காயமுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சில நாட்களுக்குள் குடியிருப்பு தரைமட்டமானது.

இடித்தவர்கள் யார், எதிர்த்தவர்கள் யார் என்பதோடு இச்செய்தி முடிந்துவிடுமானால் இங்கே இவ்வளவு நேரம் ஒதுக்கிப் பேச வேண்டிய தேவையில்லை. அந்த மக்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசப்படாதவை பல உண்டு. அரசு பேசாதவை உண்டு. அவர்களுக்குள் பேசப்படாதவை உண்டு. இடதுசாரி மேடைகளில் பேசப்படாதவையும் உண்டு. இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

பாராட்டும் கைதும்

முதலில் அரசு. 1985-இல் அமெரிக்காவில் நடைபெற்ற இந்தியத் திருவிழாவின்போது, வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 'அதிதி' என்ற பெரும் கண்காட்சியை அமைத்தது. அதற்கென இந்தியாவிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட தெருக்கலைஞர்களுள் கட்புத்லி காலனிவாசிகளும் இருந்தனர். அவர்களின் ஆட்டத்தையும் பாட்டையும் அங்கே நாட்டின் பெருமையாகக் காட்சிப்படுத்தியது இந்திய அரசு. இந்தியக் கயிற்று வித்தை என்று உலகெங்கும் பேசப்பட்ட மாயவித்தையை 1995-இல் குதுப்மினார் அருகே திறந்தவெளியில் நிகழ்த்திக் காட்டியவரும் அக்காலனிக்காரரே. காலனியின் கலைஞர்களுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருதும் கிடைத்திருக்கிறது.

அதே காலத்தில் தில்லியில் நடைமுறையில் இருந்த சட்டம் ஒன்று அதே கலைஞர்களை வேறு பெயரால் அழைத்தது. 1959-ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் 1960-இல் தில்லிக்கு நீட்டிக்கப்பட்டது. பிச்சையெடுத்தல் எது என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறையைத் தோழர்கள் ஒருமுறையேனும் படித்துப் பார்க்க வேண்டும். பொது இடத்தில் பாடுவது, ஆடுவது, குறி சொல்வது, வித்தை காட்டுவது, பொருள் விற்பது ஆகியவற்றைச் சாக்காகக் கொண்டு பணம் கேட்டாலும், கேளாமல் பெற்றுக்கொண்டாலும் அது பிச்சையே. பிடியாணையின்றிக் கைது செய்யலாம். முதல் முறை ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை, அடுத்தடுத்துப் பிடிபட்டால் பத்தாண்டு வரை காப்பிடங்களில் அடைத்து வைக்கலாம். பாவைக்கூத்து முடிந்தபின் விரித்த துணியில் விழும் காசு கலைக்கான கட்டணமா, பிச்சையா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் அந்தத் தெருவில் நிற்கும் காவலருக்குத் தரப்பட்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த மக்களுக்கு அது எதுவென்று தெரியும். சட்டம் அவர்களைக் கேட்கவில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வரும். சங்க இலக்கியத்தில் பாணரும் பொருநரும் கூத்தரும் விறலியரும் பசியோடு வருகின்றனர். வள்ளலின் வாயிலில் நிற்கின்றனர். ஆயினும் அவர்களைப் பரிசிலர் என்று குறிக்கும் வழக்கு அங்கே உண்டு. பரிசில் கலைக்கு உரியது. தகுதியறிந்து தராதபோது அதைப் புலவர் மறுத்துச் சென்ற செய்திகளும் உள. அந்த உறவு சமத்துவமானது அன்று. மன்னனை அண்டிய வாழ்வுதான். ஆனால் கலைக்குப் பெறும் பொருளும் வறுமைக்கு இரந்து பெறும் பொருளும் வேறு என்ற தெளிவு அச்சமூகத்துக்கு இருந்தது. 1959-இல் சட்டம் எழுதியவர்களுக்கு அது இல்லை. சொல்லாராய்ச்சிக்காக இது சொல்லப்படவில்லை. பெயர் மாறினால் சிறைக்கதவு திறக்கும் என்பதற்காகச் சொல்லப்படுகிறது.

2018 ஆகஸ்ட் 8 அன்று தில்லி உயர் நீதிமன்றம், பிச்சையெடுத்தலைக் குற்றமாக்கும் பிரிவுகளைத் தில்லியைப் பொறுத்தவரை செல்லாதவை என்று அறிவித்தது. சமத்துவ உரிமைக்கும் வாழ்வுரிமைக்கும் அவை எதிரானவை என்றது தீர்ப்பு. வரவேற்கத்தக்க தீர்ப்புத்தான். ஆனால் பிற மாநிலங்கள் பலவற்றின் சட்டநூல்களில் இத்தகைய சட்டங்கள் இன்னும் இருக்கின்றன. தமிழ்நாட்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் 1945-இல், அந்நிய ஆட்சியில், சென்னை மாகாணத்துக்கு இயற்றப்பட்டது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கலாம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தீர்ப்பு வந்தபோது கட்புத்லி காலனி இல்லை. ஒன்பது மாதங்களுக்கு முன்பே அது இடிக்கப்பட்டுவிட்டது.

நிலத்தின் கதை

அந்த இடம் ஏன் இடிக்கப்பட்டது? அழகுபடுத்தலும் சுகாதாரமும் சொல்லப்பட்ட காரணங்கள். கலைஞர்கள் குடியேறியபோது அது நகரத்தின் விளிம்பு. யாரும் விரும்பாத நிலம். நகரம் வளர்ந்து அந்த விளிம்பைத் தன் நடுவுக்குள் இழுத்துக்கொண்டது. 2005 இறுதியில் மெட்ரோ ரயிலின் நீலத்தடம் ஷாதிப்பூர் வழியாக ஓடத் தொடங்கியது. மண்ணின் விலை ஏறியது. அந்த விலையை ஏற்றியதில் அங்கே வாழ்ந்தவர்களின் உழைப்பும் இருந்தது. ஏறிய விலை அவர்களையே வெளியேற்றும் கருவியாயிற்று. குடிசைப் பகுதிகளைப் பற்றிப் பேசுகையில் நிலவாடகை என்ற பொருளாதாரக் கருத்தை விட்டுவிட்டு மனிதாபிமானத்தை மட்டும் பேசுவது போதாது.

2009-இல் தில்லி வளர்ச்சி ஆணையம் ஒரு தனியார் கட்டுமான நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. இருக்கும் இடத்திலேயே மறுமேம்பாடு என்ற பெயரில் ஆணையம் மேற்கொண்ட முதல் திட்டம் அது. மொத்தப் பரப்பு சுமார் 5.22 ஹெக்டேர். அதில் ஒரு பகுதியில் குடிசைவாசிகளுக்கு 2,800 அடுக்ககங்களை நிறுவனம் கட்டித்தர வேண்டும். எஞ்சிய பகுதியில் சொகுசுக் குடியிருப்பும் வணிக வளாகமும் கட்டி விற்றுக்கொள்ளலாம். நிலத்துக்காக நிறுவனம் ஆணையத்துக்குக் கொடுத்த தொகை 6.11 கோடி ரூபாய் என்று செய்தித்தாள்கள் எழுதின. மெட்ரோ நிலையத்துக்கு அருகில், தலைநகரின் நடுவில், அந்தத் தொகைக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதைத் தில்லியில் வீட்டுமனை வாங்கியவர் எவரும் சொல்வார்.

அடுக்ககம் கட்டி முடியும்வரை ஆனந்த் பர்பத்தில் இடைத்தங்கல் முகாம் அமைக்கப்பட்டது. 2014-இல் ஒரு பகுதிக் குடும்பங்கள் அங்கே சென்றன. இரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்றனர். ஆண்டுகள் கடந்தன; தற்காலிகத் தகரக் கூரைகளுக்குக் கீழே குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களானார்கள். தகுதிப் பட்டியலில் இடம்பெறாதவர்கள் பலர் நகரின் வடகோடியான நரேலாவுக்கு அனுப்பப்பட்டனர். கணக்கெடுப்பில் பெயர் விடுபட்டது, ஒரே கூரைக்குக்கீழ் வாழ்ந்த திருமணமான மகனைத் தனிக்குடும்பமாக ஏற்காதது, நிகழ்ச்சிக்காக வெளியூர் சென்றிருந்த நாளில் கணக்கெடுப்பாளர் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனது, இவையெல்லாம் அங்கே ஓயாது பேசப்பட்ட முறையீடுகள். ஊர் ஊராகச் சென்று ஆடுவதே தொழிலாகக் கொண்டவரிடம் தொடர்ந்து ஒரே முகவரியில் இருந்ததற்குச் சான்று கேட்பது, மீனவரிடம் கரையிலேயே இருந்ததற்குச் சான்று கேட்பதைப் போன்றது.

குடிசைவாசிகளை ஆக்கிரமிப்பாளர்கள் என்று கருதி வெறுமனே வெளியேற்றக் கூடாது, முறையான கணக்கெடுப்பும் மக்களோடு பொருளுள்ள கலந்தாய்வும் வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2010-இல் சுதாமா சிங் வழக்கில் தெளிவாகவே சொல்லியிருந்தது. நீதிமன்றச் சொல்லுக்கும் புல்டோசருக்கும் இடையிலான தூரத்தை நாடு இப்போது நன்கறியும்.

வீடு பட்டறையும் ஆகும்

அடுக்ககம் வேண்டாம் என்று சொன்ன கலைஞர்களைக் குறித்து, வளர்ச்சியை மறுக்கும் பழமைவாதிகள் என்று ஆங்கில நாளேடுகள் சில ஏளனம் செய்தன. கழிவறையும் குழாய்நீரும் உள்ள வீட்டை யாரும் வெறுப்பதில்லை. அவர்கள் கேட்டது வேறு.

ஒரு கட்புத்லிப் பாவை எப்படி உருவாகிறது என்று பாருங்கள். தலையும் உடலும் மாமரக் கட்டையில் செதுக்கப்படுகின்றன. கால்கள் கிடையா, நீண்ட பாவாடைதான் அதன் நடையை உண்டாக்குகிறது. செதுக்குவது முற்றத்தில், வண்ணம் உலர்வது கூரையில், துணி தைப்பது வாசலில். ஒரு குழுவிடம் அமர்சிங் ராத்தோர் கதைக்குரிய அரசவை முழுவதும் இருக்கும். அத்தனை பாவைகளையும் சிக்கலின்றித் தொங்கவிட இடம் வேண்டும். விழாக்களுக்குச் செய்யும் பெரிய உருவங்கள் ஆள் உயரத்தைத் தாண்டும். கழைக்கூத்தாடிக்கு மூங்கிலும் கயிறும், அவற்றை நிறுத்திப் பயிற்சி செய்யத் திறந்தவெளியும் தேவை. டோலக் செய்பவர் தோலை வெயிலில் காயவைக்க வேண்டும். சுருதி சேர்க்கத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முப்பது சதுர மீட்டர் அளவுள்ள வீட்டில், பல அடுக்குகளுக்கு மேலே, மின்தூக்கியை நம்பி இவையனைத்தையும் செய்ய முடியுமா என்பதே அவர்களின் கேள்வி. ஆலையை மூடிவிட்டு ஆலைத் தொழிலாளிக்கு அடுக்ககம் கொடுத்தால் அதைத் தொழிற்சங்கம் மறுவாழ்வு என்று ஒப்புக்கொள்ளுமா? கலைஞரின் வீட்டை இடிக்கும்போது ஒரு பட்டறையும் சேர்ந்து மூடப்படுகிறது. அந்தப் பட்டறையின் பெயர் எந்தத் திட்ட அறிக்கையிலும் இல்லை. வசிப்பிடம் என்ற ஒரே தலைப்பின்கீழ் எல்லாம் அடங்கிவிட்டது.

இதோடு அண்டை அயலும் ஒரு தொழிற்கருவி. திருமண ஊர்வலம் ஒன்றுக்கு ஒரு முகவர் வந்தால், பாவைக்கூத்துக் குழு, நெருப்பு விழுங்குபவர், பொய்க்காலில் நடப்பவர், டோலக்காரர் என அரைமணி நேரத்தில் ஒரு முழு நிகழ்ச்சியைக் காலனியிலேயே திரட்டிவிட முடிந்தது. பாதிப்பேர் நரேலாவுக்கும் மீதிப்பேர் முகாமுக்கும் பிரிந்தபோது இந்த வலைப்பின்னல் அறுந்தது. இதற்கு இழப்பீடு கணக்கிடும் முறை எந்த அலுவலகத்திலும் இல்லை.

அவர்களுக்குள்

இனி, சங்கடமான பகுதி. ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்தைப் பற்றிப் பேசும்போது அதன் உள்முரண்களைச் சொன்னால் எதிரிக்கு வாய்ப்பாகும் என்ற தயக்கம் நல்லெண்ணத்திலிருந்து எழுவது. ஆனால் அந்த முரண்களை எதிரி முன்பே அறிந்து பயன்படுத்திவிட்டான் என்பதுதான் கட்புத்லி காலனியின் அனுபவம். திட்டம் அறிவிக்கப்பட்டதும் மக்கள் பிளவுண்டனர். சிலர் முகாமுக்குச் செல்லலாம் என்றனர். சிலர் எழுத்துமூல உறுதி வராமல் நகர மாட்டோம் என்றனர். சிலர் மனைகளாகப் பிரித்துத் தரக் கேட்டனர். ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனிப் பிரதான் இருந்தார். பாட் சமூகத்தாருக்குச் சொல்லப்பட்டது நட் சமூகத்தாருக்குத் தெரியாது. கலைஞர்களுக்குச் சொல்லப்பட்டது கலைஞரல்லாத தொழிலாளிக்குத் தெரியாது. 1970களின் பிற்பகுதியில், கலை அமைப்பாளர் ராஜீவ் சேத்தியின் துணையோடு, 'பூலே பிஸ்ரே கலாகார்' என்ற கூட்டுறவுச் சங்கத்தை அங்கே தோற்றுவித்திருந்தார்கள். மறக்கப்பட்ட கலைஞர்கள் என்று பொருள்படும் பெயர். அது நல்ல தொடக்கம். ஆனால் குடியிருப்பில் உள்ள அனைவரையும், பாவை ஆட்டுபவரையும் சுமை தூக்குபவரையும் ஒருங்கே அணைத்த பொது அமைப்பு உருவாகவில்லை. நாங்கள் கலைஞர்கள், ஆகவே எங்களைத் தனியாகக் கவனியுங்கள் என்ற கோரிக்கை, பக்கத்து வீட்டுக் கட்டடத் தொழிலாளியை வெளியே நிறுத்தியது. பாரம்பரியம் என்ற சொல்லை நம்பியதால் வந்த இழப்பு இது.

அடுத்தது கூலி. பெரிய உணவகத்திலோ திருமண மண்டபத்திலோ நடக்கும் நிகழ்ச்சிக்கு ஏற்பாட்டு நிறுவனம் வாடிக்கையாளரிடம் வாங்கும் தொகை ஒன்று. முகவரிடம் வந்து சேர்வது வேறு. குழுத் தலைவர் கைக்கு வருவது அதனினும் குறைவு. டோலக் தட்டுபவருக்குக் கடைசியில் எவ்வளவு என்பது பெரும்பாலும் அவருக்கு முன்கூட்டியே தெரியாது. குழுத் தலைவர் சிற்றப்பனாகவோ மாமனாகவோ இருப்பார். உறவுக்குள் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு. திருமணப் பருவம் இல்லாத மாதங்களில் அதே தலைவரிடம்தான் முன்பணம் வாங்க வேண்டும். வாங்கியபின் அடுத்த பருவத்தின் கூலியைப் பற்றிப் பேசும் வாய் அடைபடுகிறது. தமிழ்நாட்டுச் செங்கல் சூளைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதியதன்று. 2020-இல் கொரோனா ஊரடங்கு திருமணங்களையும் விழாக்களையும் நிறுத்தியபோது, இந்தியா முழுவதும் நாட்டார் கலைஞர்கள் கடனில் மூழ்கினர். எழுத்தில் இல்லாத தொழிலுக்கு எழுத்தில் நிவாரணம் வரவில்லை.

பெண்களின் நிலை இதற்குள்ளும் கீழே இருக்கிறது. கட்புத்லியில் பாவையை ஆட்டும் ஆண் வாயில் சிறு ஊதியை வைத்து அதன் வழியே பாவையின் குரலை எழுப்புகிறான். பறவையின் கீச்சொலி போன்ற அந்தக் குரலைக் கேட்பவர்களுக்குச் சொற்கள் விளங்கா. திரைக்குப் பக்கத்தில் டோலக்கோடு அமர்ந்து பாடிக்கொண்டே, பாவை சொன்னதை மக்களின் மொழியில் திருப்பிச் சொல்பவள் பெரும்பாலும் அவனுடைய மனைவி. அவள் இல்லையெனில் கதை இல்லை. ஆனால் விருதுப் பட்டயத்திலும் வங்கிக் கணக்கிலும் கலைஞர் அட்டையிலும் ஆட்டியவனின் பெயரே ஏறுகிறது. ஓய்வூதியத்துக்கும் இது பொருந்தும். முதிய கலைஞர்களுக்கு ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகம் தரும் உதவித்தொகை அதிகபட்சம் மாதம் 6,000 ரூபாய். அதைப் பெறுவதற்குக் கலைப்பங்களிப்பைச் சான்றுகளோடு மெய்ப்பிக்க வேண்டும். நாற்பது ஆண்டு டோலக் தட்டிய பெண் எந்தச் சான்றைக் காட்டுவாள்?

குழந்தைகள் பற்றிய பேச்சு இதைவிடக் கடினமானது. கழைக்கூத்தில் உடல் வளையும் பருவத்திலேயே பயிற்சி தொடங்க வேண்டும் என்பர் பெரியவர்கள். ஐந்து வயதுச் சிறுமி கயிற்றின்மேல் நடப்பாள். போக்குவரத்து விளக்கருகே குட்டிக்கரணம் போடும் பிள்ளை பள்ளிக்குப் போவதில்லை. இதைப் பாரம்பரியம் என்று மெச்சவும் கூடாது. பெற்றோரைக் குற்றவாளியாக்கிக் கைகழுவவும் கூடாது. 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, திரைப்படம், விளம்பரம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றில் நடிக்கும் குழந்தைக்கு நாடாளுமன்றம் விலக்களித்தது, சர்க்கஸுக்கு அளிக்கவில்லை. தொலைக்காட்சியில் ஆடும் குழந்தை சட்டத்தின் கண்ணில் கலைஞர். அவருக்கு நிபந்தனைகளும் பாதுகாப்பும் உண்டு. தெருவில் ஆடும் குழந்தைக்குத் துரத்தல் மட்டுமே உண்டு. பள்ளியும் வேண்டும், மாலையில் முறையான பயிற்சிக்கூடமும் வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருக்கும் இளைய தலைமுறைப் பெற்றோரின் குரல்தான் இதில் பின்பற்றத்தக்கது.

விலங்குகளைக் கொண்டு வித்தை காட்டுவோரின் துயரமும் இத்தகையதே. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், கரடி, குரங்கு முதலியவற்றைக் காட்சிப்படுத்தத் தடைவிதித்த 1998-ஆம் ஆண்டு அறிவிக்கையும் நியாயமானவை. பல் பிடுங்கப்பட்ட பாம்பும் மூக்கில் கயிறு கோத்த கரடியும் கலைக்கு அணியல்ல. ஆனால் தடைவிதித்த அதே நாளில் அந்தக் குடும்பங்களுக்கு மாற்றுத் தொழிலைப் பற்றி எந்த அறிவிக்கையும் வரவில்லை. குரங்காட்டியின் மகன் இப்போது என்ன செய்கிறான் என்று விலங்கு நல வாரியத்தைக் கேட்டால் அது தன் வேலையன்று என்பார்கள். பண்பாட்டு அமைச்சகத்தைக் கேட்டாலும் அதே விடைதான் கிடைக்கும்.

நம் மேடைகளில்

1989 ஜனவரி 1 அன்று தில்லியை அடுத்த சாகிபாபாத்தின் ஜண்டாபூரில், தெருநாடகம் நடத்திக்கொண்டிருந்த ஜன நாட்டிய மஞ்ச் குழுவினர் தாக்கப்பட்டனர். ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். மறுநாள் சஃப்தர் ஹாஷ்மி உயிர்நீத்தார். ஜனவரி 4 அன்று மொலாயஸ்ரீ ஹாஷ்மியும் தோழர்களும் அதே இடத்துக்குச் சென்று அந்நாடகத்தை நடத்தி முடித்தனர். தெரு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு இந்திய இடதுசாரிகள் தந்த விடைகளில் உயர்ந்தது அது. சஃப்தர் பெயரால் அமைந்த அரங்கம் 2012-இல் திறக்கப்பட்டது. அது ஷாதிப்பூர் வட்டாரத்தில்தான் இருக்கிறது.

ஆயினும் தெருநாடகக் கலைஞரின் தெருவும் கழைக்கூத்தாடியின் தெருவும் ஒன்றே என்பது போதிய அளவு உணரப்படவில்லை. தெருநாடகம் தடுக்கப்பட்டால் கருத்துச் சுதந்திரத்தின் மீதான தாக்குதல் என்று அறிக்கை வெளிவருகிறது, வரவேண்டியதுதான். வித்தை காட்டுபவர் சந்தையிலிருந்து விரட்டப்படும்போது அது செய்தியாகக்கூட ஆவதில்லை. முன்னவருக்கு அரசியல் உண்டு, பின்னவருக்கு வயிறு மட்டுமே உண்டு என்ற எண்ணம் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே செயல்படுகிறது. மாநாட்டு ஊர்வலங்களில் முன்னே ஆடிச்செல்ல நாட்டார் கலைஞர்கள் அழைக்கப்படுகின்றனர். வெயிலில் பல மணி நேரம் ஆடுகின்றனர். இறுதியில் துண்டு போர்த்தி, வழிச்செலவு கொடுத்து அனுப்பப்படுகின்றனர். ஒலிபெருக்கி அமைத்தவருக்கும் பந்தல் போட்டவருக்கும் முன்கூட்டியே பேசிய தொகை கணக்கு வழுவாமல் தரப்படுகிறது. கலைஞரிடம் தொகை பேசுவது மட்டும் ஏன் கூச்சமாக இருக்கிறது? கலையைச் சேவை என்று கருதுவதாலா, அன்றிக் கலைஞர் பேரம் பேச மாட்டார் என்ற உறுதியாலா?

இக்கேள்வி எழுந்தால்தான் மற்றவை நகரும். கலைஞரைத் தொழிலாளி என்று அழைத்தால் கலையின் மதிப்புக் குறையும் என்பது மேட்டிமையின் அச்சம். தொழிலாளி என்று அழைத்த அக்கணமே சட்டத்திடம் கேட்க வேண்டியவை வரிசையாக வந்து நிற்கும். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் பொதுமக்களுக்குத் தெருவில் சேவை வழங்குவோரையும் தன் வரையறைக்குள் கொண்டிருக்கிறது. தெருக்கலைஞரின் பெயர் அதில் வெளிப்படையாக இல்லை. பெயர் சேர்க்கப்பட்டால் நகர வியாபாரக் குழுக்களில் அவர்களும் தேர்தலில் நின்று உறுப்பினராகலாம். சந்தையில் ஆடும் இடத்துக்குச் சான்றும் பெறலாம். தமிழ்நாட்டில் 2007-இல் அமைக்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் போன்ற ஒன்று தில்லியிலும் பிற மாநிலங்களிலும் கேட்கத்தக்கது. அதன் போதாமைகள் தனிக்கதை, ஆனால் அட்டையில் தொழில் என்ற இடத்தில் கலையின் பெயர் எழுதப்படுவதே ஒரு முன்னேற்றம். அந்த அட்டை குடும்பத் தலைவருக்கு ஒன்று என்றில்லாமல் ஆடுபவர், பாடுபவர், தட்டுபவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வழங்கப்பட வேண்டும். மறுகுடியமர்வுத் திட்டங்களில் வசிப்பிடத்தோடு பணியிடமும் கணக்கெடுக்கப்பட வேண்டும். பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டங்கள் எஞ்சியுள்ள மாநிலங்களில் அவற்றை நீக்கக்கோரும் இயக்கத்தைக் கலை இலக்கிய அமைப்புகள் முன்னெடுக்கலாம்; அதற்கு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று கையில் இருக்கிறது.

சட்டமன்றத்துக்கோ நீதிமன்றத்துக்கோ காத்திராமல் செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. வருகிற மாவட்ட மாநாடுகளின் வரவேற்புக் குழுக்கள் வரவு-செலவுத் திட்டம் தயாரிக்கும்போது, கலைஞர்களுக்கான தொகையை அன்பளிப்பு என்ற தலைப்பிலிருந்து எடுத்துக் கூலி என்ற தலைப்பின்கீழ் எழுதலாம். தொகையை முன்கூட்டியே குழுவினர் அனைவரும் கேட்கச் சொல்லி, மேளம் அடிப்பவரிலிருந்து பாடும் பெண் வரை ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியே கொடுத்து, ஒவ்வொருவரிடமும் கையொப்பம் பெறலாம். குழுத் தலைவர்கள் சிலர் முதலில் முகம் சுளிப்பார்கள். அதையும் அவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.